ஊர் பெயரும் அணிகள்

(முதுகலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு)

ஒரு விளையாட்டு அணியின் பெயரைச் சொல்லும்போது ஊரின் பெயர்தான் முதலில் வருகிறது. பிறகுதான் புலி, சிங்கம், கழுகு என்னும் பட்டப்பெயர் வருகிறது. அணி வென்றால் "நாம் வென்றோம்" என்கிறான் ரசிகன். அவன் பந்தைத் தொட்டதில்லை, அணியில் ஒரு காசு முதலீடு செய்ததுமில்லை. ஆயினும் அந்த அணியைத் தன் ஊர்க் கோயில்போல், ஊர் ஏரிபோல் பொதுச் சொத்தாகவே எண்ணுகிறான். சட்டமோ வேறு விதமாகச் சொல்கிறது. அணி ஒரு முதலாளியின் சொத்து. அவர் விரும்பினால் அதை விற்கலாம், வேறு ஊருக்கும் கொண்டு போகலாம்.

இந்த இரண்டு எண்ணங்களும் மிகக் கடுமையாக மோதிக்கொள்ளும் நாடு அமெரிக்கா. அங்கே தொழில்முறைக் கால்பந்து அணிகள் ஊர் விட்டு ஊர் போவது ஒரு நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதைவிட அதிகமாக நடப்பது, "இந்த அணி போகப் போகிறதாம்" என்ற பேச்சு. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களுக்கு அது வற்றாத ஊற்று. அந்தப் பேச்சை வெறும் வம்பென்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். பொருளியல் பயிலும் எனக்கு அவ்வாறு ஒதுக்க மனம் வரவில்லை. அணி ஊர் பெயர்வதைக் காட்டிலும், பெயரப் போகிறது என்ற பேச்சே பெரிய மூலதனம் என்பதுதான் என் கருத்து. அந்த மூலதனத்துக்கு வட்டி கட்டுகிறவர்கள் ஊர் மக்கள்.

மூடிய கதவு

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் "கால்பந்து" என்பது நம் கல்லூரித் திடலில் மாலை நேரங்களில் ஆடப்படும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், ஒருவரையொருவர் மோதி வீழ்த்தியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. அதைத் தேசியக் கால்பந்து லீக் என்னும் அமைப்பு நடத்துகிறது. 2002 முதல் அதில் 32 அணிகள் உள்ளன. முப்பத்து மூன்றாவது அணி வேண்டுமென்றால் இருக்கிற உரிமையாளர்களே மனமிரங்கி இடம் தர வேண்டும். ஓர் அணி ஊர் மாற வேண்டுமென்றாலும் அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 24 பேர், வாக்களித்தால் போதும். ஊர் மக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை.

விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அணி வேண்டும் என்று விரும்பும் ஊர்கள் பல. அணிகள் 32 மட்டுமே. தேவை மிகுந்து அளிப்பு குறைந்தால் விலை ஏறும் என்று நாம் புகுமுக வகுப்பிலேயே படித்தோம். அளிப்பைக் குறைவாகவே வைத்திருக்கும் உரிமையும் விற்பவர் கையிலேயே இருந்தால் என்ன ஆகும்? வாங்க வந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஏலம் கூறத் தொடங்கும். அந்த ஏலத்தில் தட்டப்படும் மணியே மேற்சொன்ன பேச்சு.

இரவோடு இரவாக

பால்டிமோர் நகரத்தில் 1953 முதல் கோல்ட்ஸ் என்னும் அணி ஆடிவந்தது. கப்பல் துறையிலும் எஃகு ஆலையிலும் உழைத்த மக்கள் நிறைந்த ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவர்களுக்குத் திருவிழா. எண்பதுகளின் தொடக்கத்தில் அணியின் உரிமையாளரான ராபர்ட் இர்சே புதிய அரங்கு கேட்டார். இதே காலத்தில் இண்டியானாபோலிஸ் நகரம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கையில் அணியே இல்லாமல், பெரிய கூரை வேய்ந்த அரங்கு ஒன்றை 1982-இல் கட்டத் தொடங்கியது. மாப்பிள்ளை நிச்சயமாகும் முன்னே மண்டபம் பிடித்த கதைதான்!

அணியை அரசே கையகப்படுத்தும் அதிகாரத்தை வழங்கும் மசோதாவை மேரிலாந்து மாநிலச் சட்டமன்றம் எடுத்தது. செய்தி அறிந்த உரிமையாளர் பொழுது விடியக் காத்திருக்கவில்லை. 1984 மார்ச் 28 இரவு, பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தபோது, லாரிகள் வரிசையாக வந்து நின்றன. தலைக்கவசங்கள், மேசைகள், கோப்புகள் அனைத்தும் ஏற்றப்பட்டன. மறுநாள் காலை பால்டிமோர் கண்விழித்தபோது அணி வேறு மாநிலத்தில் இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. அணியின் வாத்தியக்குழு ஊரிலேயே தங்கிவிட்டது. அவர்களுடைய சீருடைகள் அந்த நேரத்தில் சலவைக் கடையில் இருந்தபடியால் லாரியில் ஏறாமல் தப்பின. அணியில்லாத ஊரின் வாத்தியக்குழுவாக, வேறு ஊர்த் திடல்களிலும் ஊர்வலங்களிலும் அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வாசித்தனர். உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில் காணப்படாத ஏதோ ஒன்று அந்த ஊரில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இக்கதையின் பிற்பகுதி இன்னும் கசப்பானது. 1995 நவம்பர் 6 அன்று, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல் தம் அணி பால்டிமோருக்குப் போவதாக அறிவித்தார். கிளீவ்லாந்தில் அந்த அணி 1946 முதல் ஆடிவந்தது. அறிவிப்புக்கு மறுநாள், பழைய அரங்கைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் வரி நீட்டிப்புக்கு அவ்வூர் மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தனர். பணம் தர மறுத்த ஊர் அன்று அது. தர முன்வந்த ஊர். ஆயினும் அணி போயிற்று. இழப்பின் வலியை அறிந்த பால்டிமோரே அதே வலியை இன்னோர் ஊருக்குக் கொடுத்தது. அந்த மக்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பசித்தவனிடம் பந்தியில் போட்டியிட வைத்துவிட்டு, பிறகு அவன் பண்பை அளப்பது முறையாகாது. பந்தியை அவ்வாறு அமைத்தவர்களையே கேட்க வேண்டும்.

கிளீவ்லாந்து சும்மா இருக்கவில்லை. ரசிகர்களும் நகர ஆட்சியும் வழக்காடியதன் பயனாக 1996-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பெயரும் வண்ணமும் பழைய வரலாறும் ஊரிலேயே தங்கின. ஆட்டக்காரர்கள் மட்டும் பால்டிமோர் சென்று ரேவன்ஸ் என்ற புதுப்பெயர் பூண்டனர். 1999-இல் கிளீவ்லாந்தில் பிரவுன்ஸ் அணி புதிதாகப் பிறந்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஓர் ஊர் பெற்ற அரைகுறை நீதி இது.

காலி நாற்காலி

இப்போது பேச்சின் வலிமைக்கு வருகிறேன். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம் லாஸ் ஏஞ்சல்ஸ். 1994-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அங்கிருந்த இரண்டு அணிகளும் வெளியேறின. ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸுக்குப் போயிற்று. ரெய்டர்ஸ் அணி தான் முன்பிருந்த ஓக்லாந்துக்கே திரும்பிற்று. அடுத்து 2016 வரை, 21 பருவங்கள், அவ்வளவு பெரிய நகரத்தில் ஓர் அணிகூட இல்லை.

இவ்வளவு பெரிய சந்தையை ஒரு வணிக அமைப்பு இத்தனை காலம் எப்படி வெறுமையாக விட்டது? திடல் கிடைக்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை, பணம் பற்றிய பேச்சு முடியவில்லை என்று பல காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் காலி நாற்காலி மற்ற ஊர் முதலாளிகளுக்கு எத்தனை பயன்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். "எனக்குப் புது அரங்கு கட்டித் தராவிட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கிறது" என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். சொல்லக்கூட வேண்டியதில்லை, விமானத்தில் அந்தப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் போதும், மீதியைப் பத்திரிகைகள் எழுதிக்கொள்ளும்.

1996-இல் சியாட்டில் அணியின் உரிமையாளர் அணியின் அலுவலகத்தையே தென் கலிபோர்னியாவுக்குப் பெயர்த்தார். லீக் தடுத்தது, அணி திரும்பியது. ஆனால் அந்த அச்சத்தின் நிழலிலேதான் 1997-இல் புதிய அரங்குக்கான வாக்கெடுப்பு மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. மின்னசோட்டாவில் 2012 ஏப்ரலில் அரங்கு மசோதா சட்டமன்றக் குழு ஒன்றில் தோற்றது. சில நாட்களில் லீக்கின் தலைவரே மாநிலத் தலைநகருக்கு வந்து தலைவர்களைச் சந்தித்தார். மே மாதம் மசோதா சட்டமாயிற்று. பொதுப்பணத்திலிருந்து ஏறத்தாழ 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஜாக்சன்வில் அணி 2013 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் லண்டனில் ஆட்டம் நடத்திவந்தது. அதன் உரிமையாளர் 2018-இல் லண்டனின் வெம்பிளி அரங்கையே விலைக்குக் கேட்டார். அணி கடல் தாண்டிப் போகும் என்று பேச்சு எழுந்தது. அது பேச்சாகவே நின்றது. 2024-இல் ஜாக்சன்வில் நகரமன்றம் அரங்கைப் புதுப்பிக்க 77 கோடியே 50 லட்சம் டாலர் தர இசைந்தது. லண்டன் பேச்சினால்தான் இது நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பேரம் பேச அமர்ந்தவர்கள் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர்கள் அல்லர்.

"புலி வருது" என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். அங்கே பொய்க் கூவல் சிறுவனுக்கே வினையாக முடிந்தது. இங்கே ஒவ்வொரு கூவலுக்கும் கூவியவருக்குக் கூலி கிடைக்கிறது. ஏனென்றால் இடையிடையே புலி உண்மையாகவே வந்துவிடுகிறது. பால்டிமோரில் வந்தது, கிளீவ்லாந்தில் வந்தது. அதனால் எந்த ஊரும் கூவலைப் பொய் என்று தள்ளத் துணிவதில்லை.

யார் வீட்டு நெய்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது பழமொழி. அரங்குகளின் கணக்கைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

செயின்ட் லூயிஸ் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முந்தைய அணி 1988-இல் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது. வேறோர் அணியை ஈர்க்கப் பொதுப்பணத்தில் அரங்கு கட்டினார்கள். அதற்காக மாநிலமும் மாவட்டமும் நகரமும் சேர்ந்து ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 1995-இல் வந்த ராம்ஸ் அணியின் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. குறித்த ஆண்டுகளில் அந்த அரங்கு நாட்டின் அரங்குகளுள் முதல் கால்பங்கில் இடம்பெற வேண்டும். இல்லையெனில் அணி விடுபடலாம். எல்லா ஊர்களும் புது அரங்கு கட்டிக்கொண்டிருக்கும்போது எந்த அரங்கு என்றென்றும் முதல் வரிசையில் நிற்கும்? 2016-இல் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பிற்று. அணி போன பின்னும் ஊர் தவணை கட்டியது. ஊரார் தொடுத்த வழக்கில் 2021-இல் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. நீதிமன்றப் படியேறினால் ஊருக்கும் சிறிது கிடைக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் அணி கிடைக்கவில்லை.

ஓக்லாந்திலும் இதே கதை. 1995-இல் திரும்பி வந்த அணிக்காகக் கடன் வாங்கி அரங்கை விரித்தார்கள். நெவாடா மாநிலம் விடுதி அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தர முன்வந்தது; 2017-இல் உரிமையாளர்கள் 31-க்கு 1 என்ற வாக்கில் இசைவளித்தனர்; 2020-இல் அணி லாஸ் வேகாஸுக்குப் போயிற்று. கடன் ஓக்லாந்திலேயே தங்கியது.

"அரங்கு வந்தால் தொழில் பெருகும், வேலை கிடைக்கும், போட்ட பணம் வரியாகத் திரும்பும்" என்பது வழக்கமான வாதம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் என்னும் பொருளியல் அறிஞர்கள் தொகுத்து 1997-இல் வெளிவந்த நூல் இவ்வாதத்தை ஆராய்ந்து, போட்ட பணம் திரும்புவதில்லை என்று காட்டியது. காரணம் எளிது. ஒரு குடும்பம் ஆட்டத்துக்குச் செலவிடும் பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதே பணம் முன்பு அவ்வூரின் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும். அது இடம் மாறியதேயன்றிப் புதிதாகப் பிறக்கவில்லை. மேலும், இவ்வாட்டத்தில் ஓர் அணிக்குச் சொந்தத் திடலில் ஒரு பருவத்துக்கு எட்டு அல்லது ஒன்பது லீக் ஆட்டங்களே. ஆண்டின் மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை தரும்?

மறுப்போர் கூற்று

மறுதரப்பையும் கேட்பதே முறை. "சொத்து அவருடையது, தம் கடையை வேறு தெருவுக்கு மாற்ற ஒருவருக்கு உரிமையில்லையா?" என்று கேட்பர். உரிமை உண்டு. ஆனால் கடை போனால் அதே இடத்தில் இன்னொருவர் கடை வைக்கலாம்; எவரும் தடுக்கமாட்டார். அணி போனால், அந்த ஊர் தானே ஓர் அணி திரட்டி லீக்கில் ஆட முடியாது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "சந்தை சுதந்திரமானது" என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

"புதிய ஊர் மக்களின் மகிழ்ச்சி கணக்கில் வராதா?" என்பது இரண்டாவது கேள்வி. இதில் நியாயம் உண்டு. இண்டியானாபோலிஸ் சிறுவனுக்கு கோல்ட்ஸ் அணி இன்று அவன் ஊர் அணிதான். ஆனால் ஒருவர் மகிழ மற்றவர் இழந்தே ஆக வேண்டும் என்ற நிலையை இயற்கை விதிக்கவில்லை. அணிகளின் எண்ணிக்கையைக் கட்டிவைத்தவர்கள் விதித்தார்கள்.

"அப்படியானால் ஊர் மறுத்துவிட வேண்டியதுதானே?" என்பது மூன்றாவது. சான் டியாகோ மறுத்தது. 2016 நவம்பரில் அரங்குக்கான வரி உயர்வை வாக்காளருள் பாதிப்பேர்கூட ஆதரிக்கவில்லை. அடுத்த ஜனவரியில், 1961 முதல் அங்கிருந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. அம்மக்கள் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் அரை நூற்றாண்டுப் பாசத்தைப் பணயமாக வைத்து ஒரு ஊரை அந்தத் தேர்வுக்கு உட்படுத்தியது சரியன்று.

மருந்து உண்டா?

உண்டு. மூன்று ஊர்களின் அனுபவம் அதைக் காட்டுகிறது.

முதலாவது, கிரீன் பே. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சம் மக்களே வாழும் சிறிய ஊர். அதன் பேக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளால் நடந்துவருகிறது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர்கள். பங்குக்கு ஆதாயம் இல்லை. இலாபத்துக்கு விற்கவும் முடியாது. அணியை விற்றால்கூடப் பணம் அறப்பணிக்கே போகும்படி விதி செய்திருக்கிறார்கள். அரங்கைப் புதுப்பிக்க அவர்களும் 2000-இல் மக்களிடம் விற்பனை வரி கேட்டார்கள், மக்கள் இசைந்தார்கள், கடன் தீர்ந்ததும் 2015-இல் வரி நீங்கியது. நாட்டின் மிகச் சிறிய ஊரின் அணியைப் பற்றி மட்டும் "போகப் போகிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை. போவதால் எவருக்கும் இலாபமில்லை என்பதே காரணம். ஆனால் லீக்கின் இன்றைய விதிகள் வேறெந்த அணியும் இவ்வாறு அமைவதை அனுமதிப்பதில்லை. நல்ல மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்!

இரண்டாவது, கொலம்பஸ். கிளீவ்லாந்து பட்ட அடிக்குப்பின் ஒஹையோ மாநிலம் 1996-இல் ஒரு சட்டம் இயற்றியது. பொதுப்பணத்தில் பயன்பெற்ற அணி ஊர் பெயருமுன் முன்னறிவிப்புத் தர வேண்டும்; உள்ளூரார் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும். 2017-இல் கொலம்பஸ் நகரத்தின் அணி (இது நாம் ஆடும் கால்பந்து) டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போக முனைந்தபோது ரசிகர்கள் திரண்டனர். 2018-இல் அச்சட்டத்தைக் கொண்டு மாநிலமும் நகரமும் வழக்கிட்டன. புதிய உரிமையாளர் வந்தனர், அணி தங்கியது, 2020-இல் கோப்பையும் வென்றது. ஆஸ்டினுக்கு 2021-இல் வேறோர் அணி கிடைத்தது. ஒருவர் மகிழ மற்றவர் அழ வேண்டியதில்லை என்பது மெய்யாயிற்று.

மூன்றாவது, இங்கிலாந்தின் விம்பிள்டன். அங்கே லீக்கின் கதவு திறந்தது. கீழ்ப்பிரிவில் வென்றவர் மேலேறலாம். அதனால் ஊர் பெயர்தல் மிக அரிது. ஆயினும் 2002-இல் விம்பிள்டன் கழகம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் போக அனுமதி பெற்றது. ரசிகர்கள் சில வாரங்களிலேயே சொந்தமாக ஒரு கழகம் தொடங்கி, பொதுத் திடலில் ஆள் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் படியிலிருந்து ஆடினர். 2011-இல் கால்பந்து லீக்கில் (ஃபுட்பால் லீக்) இடம்பிடித்தனர்; 2020-இல் தம் பழைய தெருவிலேயே புதிய அரங்கில் குடியேறினர். ஏணி இருந்தபடியால் ஏற முடிந்தது. பால்டிமோருக்கு அந்த ஏணி இல்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் இந்த வாடை வீசத் தொடங்கிவிட்டது. 2019-இல் தில்லி அணி புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா அணியாயிற்று. அதே ஆண்டில் பூனா அணி கலைந்து, அதன் இடத்தில் ஐதராபாத் அணி வந்தது. சென்னை சிட்டி என்னும் கழகம் பெயரில் சென்னையைத் தாங்கிக்கொண்டே கோயம்புத்தூரில் ஆடி, 2018-19 பருவத்தின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. நம் அணிகளுக்கு இன்னும் வேர் ஆழமாக ஓடவில்லை. ஆகவே வலியும் பெரிதாக இல்லை. வேர் ஓடுமுன்னே விதிகளை எழுதிக்கொள்வது எளிது. மக்களின் பணம் பெற்ற அணிக்கு மக்களின் பங்கும் வேண்டும். கீழிருந்து மேலேறும் ஏணி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அணியின் பெயரும் வண்ணமும் ஊருக்கே உரியவை என்று பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நண்பர்களே! நம்முள் பலர் நாளை வரி அலுவலராகவும், நகரமன்ற உறுப்பினராகவும், குறைந்தது வாக்காளராகவும் இருக்கப்போகிறோம். "சலுகை தாருங்கள், இல்லையேல் அடுத்த ஊருக்குப் போய்விடுவோம்" என்ற குரல் விளையாட்டு அணியிடமிருந்து மட்டும் வருவதில்லை, ஆலைகளிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் வரும். அப்போது, "அவர்கள் போவார்களா, மாட்டார்களா?" என்று சோதிடம் பார்ப்பதில் நாம் பொழுதைக் கழிக்க வேண்டாம். இந்தப் பேச்சால் இன்று யாருக்கு இலாபம், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அவர்கள் போனால் கடன் யார் தலையில் என்று கேட்போம். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஊரிடம் பேரம் பேச வருகிறவர், கொஞ்சம் நிதானமாகவே வாய் திறப்பார்.